ஊர் முழுக்க ஒரே பதில்

போன மாதம் செம்பூரில் என் பழைய ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. "மேடம், நீங்க வந்து அரை மணி நேரம் உங்க அனுபவத்தைச் சொல்லணும்" என்று கூப்பிட்டார்கள். ரிட்டயர் ஆனவளையும் கூப்பிடுகிறார்களே என்று நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொருவர் கையிலும் ஒரு டேப்லட். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு, பதிலை அதிலேயே தட்டிவிட வேண்டியதுதான். காகிதம் இல்லை, பேனா இல்லை, மழையில் நனைந்துவிடுமே என்ற பயமும் இல்லை. நல்லதுதான். படிவக் கட்டுகளைச் சுமந்து சுமந்து என் வலது தோள் இன்றைக்கும் இடது தோளைவிட இறங்கித்தான் இருக்கிறது.

பயிற்சி கொடுத்த தம்பி ஒரு விஷயம் சொன்னார். ஓர் ஊரில் எல்லா வீடுகளிலிருந்தும் ஒரே மாதிரி பதில் வந்தால், அந்த மென்பொருள் தானாகவே சிவப்புக் கோடு போட்டு ஊரையே ஒதுக்கிவிடுமாம். கேள்வி கேட்கப் போனவர் ஊருக்குள் போகாமல் டீக்கடையில் உட்கார்ந்து தானே நிரப்பிவிட்டார் என்று அர்த்தமாம். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஒரே பதில் என்றால் அது பொய் என்று யார் சொன்னது? அதை அங்கேயே விளக்கப் பார்த்தேன். பாதியில் சமோசா வந்துவிட்டது. சமோசாவோடு போட்டி போட்டு ஜெயித்த பேச்சாளர் யாரும் கிடையாது. அதனால் எழுதியே தீர்ப்பது என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் பிறந்து வளர்ந்தது தாராவியில். அப்பா திருநெல்வேலிக்குத் தெற்கேயிருந்து வந்து தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். வீட்டில் ஊர்த் தமிழ், தெருவில் இந்தி, குழாயடியில் மராட்டி. குழாயடியில் மராட்டி பேசத் தெரியாதவளுக்குக் குடம் நிறையாது. ஆகவே அது நன்றாகவே வந்தது. இந்த மூன்றும்தான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தன. படித்த படிப்பு துணைக்கு நின்றது, அவ்வளவே. முதலில் சோப்புத்தூள் கம்பெனிக்காக வீடு வீடாகப் போனேன். பிறகு தடுப்பூசி, ரேஷன், குடிநீர் என்று ஏதேதோ கணக்கெடுப்புகள். கடைசியில் செம்பூரில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் கள ஆய்வாளராகச் சேர்ந்தேன். அங்கேயே தலை நரைத்தது.

என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் ஒரு வேலையாகவே தெரியாது. "ஏட்டி, ஊரான் வீட்டுக் கதையைக் கேக்கதுக்கு ஒனக்குச் சம்பளமும் குடுக்கான் பாரு" என்பார். அவருக்குச் சிரிப்பு. ஆனால் அந்த வேலைக்கு முறை உண்டு. பதில் சொல்பவர் தனியாக இருக்க வேண்டும். நம் நாட்டில் யாரும் தனியாக இருப்பதில்லை, எனவே கூட்டத்தைக் கலைப்பதே பாதி வேலை. மாமியாரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்க வேண்டும். அவர் உள்ளே போய்வருவதற்குள் மருமகளிடம் முக்கியமான கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். பதிலுக்குத் தலையாட்டக்கூடாது. ஆட்டினால் அடுத்த கேள்வியிலிருந்து அவர் நமக்குப் பிடித்ததைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். 'தெரியாது' என்றால் 'தெரியாது' என்றே எழுத வேண்டும். சொன்ன வார்த்தையை அழகுபடுத்தக்கூடாது. இவற்றையெல்லாம் எனக்குள் ஏற்றியவர் வைத்தியநாதன் சார்.

சார் மாதுங்காக்காரர். அரைக்கை வெள்ளைச் சட்டை, கான்வாஸ் ஷூ, சட்டைப் பையில் எப்போதும் சீவிய பென்சில். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. நாங்கள் கொண்டுவரும் படிவங்களைச் சிவப்பு மையால் தொடவே மாட்டார். சந்தேகம் வந்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. புள்ளி விழுந்தவர் போய் எதிரில் உட்கார வேண்டும். "இந்த வீட்டுக்குப் போனேளோ?" என்று கேட்கமாட்டார். "இந்த வீட்டு வாசல் எந்தப் பக்கம் பாத்திருந்தது?" என்பார். "அடுப்பு உள்ளேயா, வெளியிலேயா? நாய் உண்டோ?" போனவருக்கு வாய் தானாகப் பதில் சொல்லும். போகாதவர் விட்டத்தைப் பார்ப்பார். பார்த்தவரிடம் சார், "சரி, இருக்கட்டும்" என்பார். அத்தோடு அந்த ஆளை ஆபீஸில் பார்க்க முடியாது. அந்த 'இருக்கட்டும்' எங்களுக்கெல்லாம் சிம்ம சொப்பனம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் வந்த ஓர் ஆய்வு காட்டைப் பற்றியது. தாணேக்கு அப்பால், மலையடிவாரத்தில் வார்லி மக்களின் சின்னச் சின்னக் குடியிருப்புகள் உண்டு, பாடா என்பார்கள். பருவம் தப்புகிறது, மழை மாறுகிறது, வெயில் ஏறுகிறது என்று படித்தவர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். காட்டை நம்பிப் பிழைப்பவர்களுக்கு அது எப்படித் தெரிகிறது, காட்டில் என்ன மாறியிருப்பதாக அவர்கள் நினைக்கிறார்கள், ஏன் என்று நினைக்கிறார்கள், இதைக் கேட்டு வருவதுதான் எங்கள் வேலை. நிதி கொடுத்தவர்களின் ஒருங்கிணைப்பாளர் தில்லியில் இருந்தார். அறிக்கை முடிந்ததும் மாவட்டத்து அதிகாரிகள் கைக்குப் போகும் என்றார்கள்.

மற்ற பாடாக்களில் பதில்கள் வந்து கொட்டின. ஒருவர் ஆற்று மீனைப் பற்றிச் சொன்னார், ஒருவர் தேன்கூட்டைப் பற்றி, ஒரு பெண் வெயில் காலத்துக் காற்று திசை மாறி வீசுவதைப் பற்றி. எழுதி எழுதிக் கை வலித்தது. பிறகு கர்வந்தபாடாவுக்குப் போனேன். கர்வந்தா என்றால் களாக்காய். அந்தப் பெயர் நான் வைத்தது. பதில் சொன்னவர்களின் உண்மைப் பெயரையும் ஊரையும் வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலில் சத்தியம் மாதிரி.

முதல் வீட்டில் ஒரு பெண், அவளையும் கமளி என்றே வைத்துக்கொள்வோம். என் வயதுதான் இருக்கும். அவர்கள் பேசுவது ஒரு தனி வகை மராட்டி. எனக்கு வாயில் வருகிற தமிழில் அதை எழுதுகிறேன்.

"முன்ன இருந்த மாதிரியே மழை இருக்கா?"

"இருக்கு."

"மோஹா பூ?" மோஹா நம் இலுப்பை மரம்தான். பூவைப் பொறுக்கிக் காயவைத்து அவர்கள் உண்பார்கள், விற்பார்கள்.

"விழுது."

"ஓடையில தண்ணி?"

"ஓடுது. எதுவும் மாறல தாயி." தாயி என்றால் அவர்கள் பேச்சில் அக்கா.

இரண்டாவது வீட்டில் அதே பதில். மூன்றாவது வீட்டில் அதே வார்த்தைகள். பாடா முழுக்க எதுவும் மாறவில்லை. ஆனால் எனக்குக் கண் இருக்கிறதே. அது பூ விழும் மாதம். பூ காயவைக்கும் மூங்கில் பாய் ஒவ்வொரு வீட்டிலும் சுருட்டிச் சுவரில் சாய்த்திருந்தது. அதில் சிலந்தி வலை. வழக்கப்படி குடிக்கத் தண்ணீர் கேட்டேன். கமளி மறுக்காமல் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை அவள் கண் என் கையிலிருந்த சொம்பை விட்டு நகரவில்லை. ஓடை ஓடுகிற ஊரில் யாரும் சொம்பை அப்படிப் பார்க்கமாட்டார்கள். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு வந்தேன்.

செம்பூரில் சார் அந்தக் கட்டைப் பிரித்து மேஜையில் பரப்பினார். எல்லாப் படிவத்திலும் ஒரே மாதிரி குறிகள். பென்சிலை எடுத்தார். ஒவ்வொன்றிலும் புள்ளி வைத்துக்கொண்டே போனார். நான் எதிரில் உட்கார்ந்தேன். வாசல், அடுப்பு, நாய் என்று ஒவ்வொரு வீடாகக் கேட்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் சொன்னேன். ஒரு வீட்டில் நாய் என் துப்பட்டாவைக் கடித்ததையும் சொன்னேன்.

"போயிருக்கேள், சந்தேகமே இல்லை" என்றார். "ஆனா ஒரு ஊர்ல இத்தனை பேருக்கும் ஒரே அபிப்பிராயம் இருக்காது, ஸ்டெல்லா. ஒரு வீட்டுலேயே புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் இருக்காது. எங்கேயோ இடிக்கிறது."

"எனக்கும் இடிக்குது சார்."

தில்லிக்காரர் போனில், அந்தப் பாடாவை நீக்கிவிடுங்கள், பதில்கள் போலியாகத் தெரிகின்றன என்று சொல்லிவிட்டார். போலி என்ற சொல்லை என் வேலையைப் பற்றி ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. காது மடல் சூடாகிவிட்டது. சாரிடம், "நீங்களே வந்து கேட்டுப் பாருங்க. அதுக்கப்புறம் நீக்குங்க" என்றேன். அவரிடம் அந்தக் குரலில் அதற்கு முன் நான் பேசியதில்லை.

அந்த வாரமே கிளம்பினோம். மாதுங்காவில் ரயில் ஏறிய சாருடன் சயானில் நான் சேர்ந்துகொண்டேன். தாணேயில் வண்டி மாறி, இறங்கி, பஸ் பிடித்து, பிறகு நடை. சாருக்கு மராட்டி தண்ணீர் பட்ட பாடு. ஒவ்வொரு வீட்டிலும் தனியாக உட்கார்ந்து அவரே கேட்டார். அவருக்கும் அதே பதில். எதுவும் மாறவில்லை. ஒரு பாறையில் உட்கார்ந்து ஷூவுக்குள் போன கல்லைத் தட்டிக்கொண்டே, "சொன்னதை எழுதறதுதான் நம்ம வேலை. 'மாற்றம் இல்லை'ன்னு எழுதிட்டுப் போவோம்" என்றார்.

எனக்குப் போக மனம் வரவில்லை. பையை அவரிடம் வைத்துவிட்டு வெறும் கையோடு கமளி வீட்டுக்குப் போனேன். அவள் விறகைச் சின்னதாக ஒடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒடித்தேன். பிறகு கேட்டேன். "எங்களுக்கு முன்ன யாரு வந்து கேட்டாங்க?"

கமளி ஒடிப்பதை நிறுத்தினாள். "ஏன் கேக்கீங்க?"

"யாரோ கேட்டுட்டுப் போய்த்தான் நீங்க வாயை மூடிக்கிட்டீங்க. அது மட்டும் தெரியுது."

கையிலிருந்த விறகைக் கீழே போட்டாள். பிறகு சொன்னாள். சில வருடங்களுக்கு முன் எங்களைப் போலவே பையோடு சிலர் வந்திருக்கிறார்கள். யாரென்று அவர்களுக்கும் தெரியவில்லை. வீடு வீடாகத் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டில் பூ குறைந்துவிட்டது என்றார்களாம். ஒரு வீட்டில் ஓடை சீக்கிரம் வற்றுகிறது என்றார்களாம். ஒரு வீட்டில் நாங்களும் விறகு வெட்டுகிறோம் என்று ஒரு பையன் சொல்லியிருக்கிறான். கடைசியில் வனத்துறையிலிருந்து ஒரு காகிதம் வந்தது. காடு கெட்டுவிட்டது, கெடுத்தவர்கள் அங்கே இருப்பவர்களே என்று அதில் இருந்தது. மலையின் அந்தப் பக்கம் முழுக்கக் கம்பி வேலி போட்டு, ஏதோ நாற்று நட்டு, உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இலுப்பை மரங்களில் பாதி அந்தப் பக்கம்தான்.

"ஏன்னு கேட்டோம். உங்க ஆளுங்களே சொன்னதுதானேன்னு சொல்லிட்டாங்க. இப்ப இந்தக் காட்டு மேல எங்க பாடாவுக்கு உரிமை வேணும்னு மனு குடுத்திருக்கோம். அதுவும் போச்சுன்னா எங்களுக்குப் போக்கிடம் இல்ல தாயி." அவள் குரலில் அழுகை இல்லை. "அதான் எல்லாரும் உக்காந்து முடிவு பண்ணிட்டோம். இங்க பூ பொறுக்க எந்த வீடும் தனியா போகாது. பாடா கூடி நாள் சொன்னாத்தான் போவோம். இனிமே காட்டைப் பத்தின பேச்சும் அப்படித்தான். தனியா எந்த வீடும் பேசாது. யாரு வந்து கேட்டாலும் எதுவும் மாறல."

இத்தனை வருடமாக நான் கூட்டத்தைக் கலைத்துத்தான் உண்மையைக் கேட்டிருக்கிறேன். இங்கே கூட்டத்தைக் கலைத்ததால்தான் உண்மை உள்ளே போய் ஒளிந்துகொண்டது. கமளியைக் கையோடு அழைத்துக்கொண்டு சார் இருந்த பாறைக்கு வந்தேன்.

சார் எல்லாவற்றையும் கேட்டார். "கூட்டத்துலே கேக்கப்படாது" என்றார். "யாருக்குக் குரல் பெருசோ அவன்தான் பதில் சொல்லுவான். மத்தவா வாயை மூடிண்டு உக்காந்திருப்பா. அது பதிலே இல்லை."

"தனியா கேட்டாலும் வாயை மூடிக்கிட்டுத்தான் இருக்காங்க சார். நீங்களே இப்பக் கேட்டீங்க."

"நாப்பது வருஷமா நான் சொல்லிக்குடுத்தது வேற, ஸ்டெல்லா."

"அது சரியா இருக்கற ஊர்ல அப்படியே செய்வோம். இங்க காடு யாருக்கும் தனியா சொந்தமில்ல. தனித்தனியா கேட்டா யாரு சொல்லுவா?"

தமிழில் நாங்கள் வாக்குவாதம் செய்ததைக் கமளி புரியாமலே கவனித்துக்கொண்டிருந்தாள். பிறகு மராட்டியில் சொன்னாள். கூட்டத்தில் பேசுவார்கள், ஆனால் இரண்டு விஷயம். மாறியது என்று எழுதினால் ஏன் மாறியது என்பதையும் அவர்கள் சொல்கிறபடிதான் எழுத வேண்டும். எழுதியதை மலையை விட்டு இறக்குவதற்கு முன் எல்லாரும் கேட்க வாசித்துக் காட்ட வேண்டும். "போன தடவை, மாறிடுச்சான்னு எங்களைக் கேட்டாங்க. ஏன்னு எழுதுற எடத்துல அவங்களா எங்க பேரைப் போட்டுக்கிட்டாங்க."

சார் ஷூவைப் போட்டு, நாடாவை மெதுவாகக் கட்டினார். கட்டி முடித்து, "நாளைக்குக் காலம்பற எல்லாரையும் வரச் சொல்லுங்கோ" என்றார். அவ்வளவு வயதில் ஒருவர் தன் முறையை மாற்றிக்கொள்வதை நான் அன்றுதான் பார்த்தேன். அவர் மேல் எனக்கு இருந்த பயம் அன்றைக்குப் போய், மரியாதை மட்டும் மிஞ்சியது.

காலையில் பள்ளிக்கூடத்து வராந்தாவில் பாடா முழுக்கக் கூடியது. பெரிய குரல் ஒன்று எழுந்து மற்றவற்றை அமுக்கிவிடும் என்று சார் பயந்தார் அல்லவா? ஒரு குரல் பேச ஆரம்பித்தால் நாலு குரல் மறுத்தது. பூ விழும் மாதத்தில் வானம் மூடிக்கொள்கிறது, ஈரத்தில் விழும் பூ கறுத்துப் புளித்துப்போகிறது, அதனால்தான் பாய் விரிப்பதில்லை என்றாள் ஒருத்தி. வெயில் காலத்தில் தப்பி வரும் ஒரு மழையை நம்பிக் காட்டுக்கீரை முளைத்துவிடுகிறது, பிறகு மழையைக் காணோம், முளைத்தது காய்ந்துவிடுகிறது என்றாள் இன்னொருத்தி. நண்டும் அந்த மழைக்கு வளையைவிட்டு வெளியே வந்து அப்படியே ஏமாறுகிறது என்றார் ஒருவர். களாக்காய் பழுக்கும் முன் உதிர்கிறது. ஓடை ஹோலிப் பண்டிகைக்கே நின்றுவிடுகிறது. ராத்திரியிலும் பாறை சூடு ஆறுவதில்லை.

ஏன் என்ற கேள்வியில் சண்டையே வந்துவிட்டது. வாகோபாவுக்கு, அதாவது அவர்களுடைய புலிச்சாமிக்கு, வைக்க வேண்டிய நேரத்தில் பூஜை வைக்கவில்லை, அதுதான் காரணம் என்றார் ஒரு கிழவர்.

"வாகோபாவுக்குக் கோபம் வந்தா நம்ம மேலல்லா வரணும்?" என்றாள் கமளி. "பூ என்ன பாவம் பண்ணிச்சு?"

"மழை முன்னப் பின்ன வந்தா பூஜையை எப்ப வைக்கிறது? அதைச் சொல்லு" என்று கிழவரே அவளைத் திருப்பிக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், கிழவரும் சிரித்தார். ஊர்ப்பக்கம் புகைக்கூண்டுகள் அதிகமானதுதான் காரணம் என்றான் ஒருவன். உலகம் முழுக்கவே வெயில் ஏறுகிறது, போனில் பார்த்தேன் என்றான் இன்னொருவன். வேலிக்குள் நட்ட நாற்றுகள் தண்ணீரைக் குடித்துவிடுகின்றன என்று பலர் சொன்னார்கள். எல்லாவற்றையும் எழுதினேன். ஒரே அபிப்பிராயம் இருக்காது என்று சார் சொன்னது எவ்வளவு சரி.

அப்போது பின்னாலிருந்து ஓர் இளைஞன் எழுந்தான். முன்பு விறகைப் பற்றிச் சொன்ன அதே பையன். "நாம மரமும் வெட்டினோமே. அதை எழுத வேண்டாமா?"

எல்லார் தலையும் அவன் பக்கம் திரும்பியது. சார் என் பக்கம் குனிந்தார். "இதை எழுதினா இவாளுக்கே ஆபத்து, ஸ்டெல்லா. எழுதாம விட்டா நமக்குப் பொய். இவாளையே கேளுங்கோ."

கேட்டேன். எங்களை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு அவர்கள் எல்லாரும் எழுந்து கிணற்றுப் பக்கம் போனார்கள். வெகுநேரம் பேசினார்கள். கை நீட்டிப் பேசுவது தெரிந்தது, என்னவென்று கேட்கவில்லை. திரும்பி வந்ததும் கமளி சொன்னாள்.

"எழுதுங்க. செங்கல் சூளைக்கு விறகு வெட்டி வித்தோம். ஆனா எப்ப வெட்டினோம்னு எழுதணும். மொதல்ல பூ போச்சு. அடுத்த வருஷமும் போச்சு. அரிசி வாங்க வழியில்ல. அதுக்கப்புறந்தான் கோடாலி எடுத்தோம். நாங்க வெட்டினதால பூ போகல. பூ போனதால வெட்டினோம். வரிசை மாறக்கூடாது."

எங்கள் படிவத்தில் அந்த வரிசைக்கு இடமே இல்லை. மழை என்று ஒரு கட்டம், மரம் வெட்டுதல் என்று ஒரு கட்டம். எது பொருந்துமோ அதில் குறி போட வேண்டும். எது முன், எது பின் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. முன்பு வந்தவர்களின் தவறும் இதுவாகத்தான் இருந்திருக்கும். இரண்டு கட்டத்திலும் குறி விழுந்திருக்கும். காகிதத்தில் அது கோடாலியால் காடு அழிந்த கதையாகிவிட்டது. நான் படிவத்தை மூடிவைத்தேன். வெள்ளைத்தாளில் அவர்கள் சொன்ன வரிசையிலேயே முழுக்க எழுதினேன்.

செம்பூரில் அதைச் சுத்தமாக எழுதி எடுத்துக்கொண்டு மறுபடியும் போய் வாசித்துக் காட்டினோம். ஓர் இடத்தில் கமளி நிறுத்தினாள். 'கெட்டுப்போன காடு' என்று சார் எழுதியிருந்தார். "கெட்டுப்போச்சுன்னு நாங்க சொல்லலியே. முடியாம இருக்குன்னுதான் சொன்னோம். கெட்டுப்போனதைத் தூக்கிப் போட்டுருவாங்க. முடியாம இருக்கதைக் கூட இருந்து பாக்கணும்." சார் அந்த இடத்திலேயே அடித்துத் திருத்தினார். தில்லிக்காரர் வழக்கம்போல ஆட்சேபித்தார். முழுதாகப் போகட்டும், இல்லாவிட்டால் அறிக்கையில் என் பெயர் வேண்டாம் என்று சார் பதில் எழுதினார். முழுதாகப் போனது.

பிறகு ஒரு மழைக்காலம் கழிந்தது. அவர்களுடைய மனு மேல் தாலுகா ஆபீஸில் விசாரணை வந்தது. எழுதியவள் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எதிர்த்தரப்பில் வனத்துறைக்காகப் பேசியவர் எங்கள் அறிக்கையைத்தான் கையில் வைத்திருந்தார். "மரம் வெட்டியதாக இவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், இதோ" என்றார். பாடாக்காரர்கள் எல்லாரும் மலையிறங்கி வந்து பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

விசாரணை அதிகாரி அமைதியான மனிதர். என்னிடம் அறிக்கையைக் கொடுத்து, "அந்தப் பகுதியை மட்டும் படியுங்கள்" என்றார்.

நான் எழுந்து நின்றேன். "நடுவிலிருந்து படிக்கமாட்டேன், சாகேப். முதல் வரியிலிருந்து படிக்கிறேன்."

"நேரமில்லை."

"அப்படின்னா நான் படிக்கல. பாதி படிச்சா அது இவங்க சொன்னதில்ல."

நான் உட்காரவில்லை. வேலை போனால் போகட்டும் என்ற முடிவுக்கு மாடிப்படி ஏறும்போதே வந்திருந்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். படித்தேன். வானம் மூடிக்கொண்டதிலிருந்து, கறுத்த பூவிலிருந்து, ஏமாந்த நண்டிலிருந்து, கடைசியில் கோடாலிவரை. படித்து முடித்தபோது அவர் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

"இதைச் சொன்னது யார்?" என்று கேட்டார்.

"நாங்க" என்றாள் கமளி.

"ஒருவர் பெயர் வேண்டும். கையெழுத்துப் போட."

"ஒருத்தர் சொல்லல சாகேப். ஒருத்தர் எப்படிப் போட முடியும்?"

அவர் பேனாவை வைத்துவிட்டு, மைப்பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். பாடா முழுக்க வரிசையில் வந்து விரல் வைத்தது. கையெழுத்துத் தெரிந்தவர்களும் விரலே வைத்தார்கள், எல்லார் குறியும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று. சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. பியூன் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அதிகாரி எழுந்து போகவில்லை.

மனு ஏற்கப்பட்டது என்று தெரிய அடுத்த கோடை ஆகிவிட்டது. ஒரு நாள் மத்தியானம் கமளி தன் பேரனுடைய போனிலிருந்து கூப்பிட்டாள். நான் செம்பூர் மார்க்கெட்டில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் நிறையப் பேர் பேசும் சத்தம் கேட்டது.

"தாயி, கம்பியைக் கழட்டியாச்சு. எல்லாரும் உள்ளதான் நிக்கோம்."

"பூ எப்படி இருக்கு?" என்றேன்.

"இந்த வருஷமும் சரியா இல்ல. பாதி மரத்துல மொட்டே வைக்கல" என்றாள். குரலில் சோர்வு இல்லை. "ஆனா இனிமே பூக்காத மரத்துக்கு என்ன ஆச்சுன்னு நாங்களே போய்ப் பாத்துக்கலாம்."